அடிக்கடி நின்றுபோகும் மடிக்கணினி: குற்றம் யாருடையது?



ஒரு காலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கற்பலகையே கல்விக் கருவியாக இருந்தது. அது கைதவறி விழுந்தால் உடையும். உடைந்த காரணமும் கண்ணுக்குத் தெரியும். இன்றோ மடிக்கணினி கல்விக் கருவியாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கிய பின்னர், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புற வீடுகளிலும் மடிக்கணினி புகுந்தது. ஆனால் கற்பலகையைப் போல் அது உடைந்து கிடப்பதில்லை. முழு உருவோடு இருந்துகொண்டே திடீரென நின்றுவிடுகிறது. காரணம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனிதர்கள் ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்துவது வழக்கம். நாமும் அப்பிழையைச் செய்தோம். அதனால் கற்ற பாடத்தை எல்லாரும் பயன் பெறும் பொருட்டு இங்கு எழுதுகின்றோம்.

நடந்தது என்ன?

நம் பள்ளி வள மையத்தில் மாணவர்களின் வாசிப்புக்கும் கதை சொல்லும் போட்டிப் பயிற்சிக்கும் ஒரு மடிக்கணினி வைத்திருந்தோம். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதில் பயின்றுகொண்டிருந்தபோது திரை அசைவற்று உறைந்தது. சிறிது நேரத்தில் நீலத் திரை தோன்றியது. மீண்டும் இயக்கியபோது, தொடக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற அறிவிப்பே வந்தது. பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு இயக்கினால், ஒன்றும் நடவாதது போல் ஓடியது. மறுநாளும் அவ்வாறே. அன்றும் அவனே அதன் முன் அமர்ந்திருந்தான்.

"வேண்டாத விளையாட்டை ஏற்றிக் கெடுத்துவிட்டாய்" என்று நாம் அவனைக் கடிந்துகொண்டோம். அவன், "இல்லை ஐயா, நான் கதை மட்டும்தான் படித்தேன்" என்றான். நாம் செவிமடுக்கவில்லை. பின்னர், கணினியிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி பதித்தோம். நகல் எடுக்காமலே அழித்ததால், ஆறு ஆண்டுகளின் விளையாட்டு விழாப் படங்கள் அழிந்துபோயின. மூன்றாம் நாள் கணினி மறுபடியும் நின்றது. படங்களும் போயின, நோயும் தீரவில்லை. சிறுவனோ வள மையத்தின் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான்.

அவ்வாரம் அவன் தாத்தா நம்மைக் காண வந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் கோபப்படவில்லை. "ஐயா, பால் வரலேன்னா வெட்டுறவனை ஏசுறதுக்கு முன்ன மரத்தைப் பார்க்கணும். பட்டை காஞ்சு போயிருக்கான்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நாம் பார்த்திருக்கவில்லை. வெட்கத்தோடு, "பெரியவரே, இனிப் பார்க்கின்றோம்" என்றோம்.

கணினியின் நினைவுக் கிடங்கு

மரத்தைப் பார்ப்பதற்கு முன் மரம் இன்னதென்று அறிய வேண்டும். மடிக்கணினியில் நாம் எழுதுவனவும் படங்களும் விண்டோஸும் தங்கும் இடத்தைச் சேமிப்பகம் என்கிறோம். முன்னாளில் அங்கு சுழலும் வன்தட்டு இருந்தது. இப்போது பெரும்பாலும் திண்மநிலைச் சேமிப்பகம், அதாவது எஸ்.எஸ்.டி., இருக்கிறது. அதில் சுழலும் பாகமோ அசையும் பாகமோ இல்லை. விரல் நீளத்தில் உள்ள சிறு பலகையில் கறுப்புச் சில்லுகள் சில பொருத்தப்பட்டிருக்கும், அவ்வளவே.

அச்சில்லுகளுக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் மெல்லிய காப்புச் சுவரால் சூழப்பட்ட குப்பி போன்றது. மின்னணுக்களை உள்ளே செலுத்தி அடைத்து வைத்தால், மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று அளந்தே கணினி எழுத்தைப் படிக்கிறது. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ என்னும் இருவர் இவ்வறைக்கு அடிப்படையான அமைப்பை உருவாக்கினர். 1980களில் ஜப்பானியரான ஃபூஜியோ மசுவோக்கா, தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்தபோது, ஒரே வீச்சில் பெருந்தொகுதியை அழிக்கவல்ல ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். 1984இல் அதன் முதல் வகையும், 1987இல் இன்றைய எஸ்.எஸ்.டி.களில் பயன்படும் நேண்ட் வகையும் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. இத்துறை நமக்குத் தொலைவானதன்று. நமக்கு வடக்கே, பினாங்கு மாநிலத்தின் பத்து கவானில், மைக்ரான் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் தன் இரண்டாம் தொழிற்சாலையைத் திறந்தது. எஸ்.எஸ்.டி. இணைத்துச் சோதிக்கும் பணியும் அங்கு நடைபெறுவதாகும்.

பால்மரமும் எஸ்.எஸ்.டி.யும்

1877ஆம் ஆண்டு நம் அண்டையிலுள்ள கோலகங்சாரில் ஹியூ லோ இரப்பர்க் கன்றுகளை நட்டார் என்பது வரலாறு. அன்று முதல் நம் முன்னோர் கைக்கத்தியால் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒரே இடத்தில் ஓயாமல் கத்தி வைத்தால் மரம் கெடும். ஆதலால் ஒரு பக்கத்துப் பட்டையை முறையாக வெட்டி முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு மாறுவர்.

எஸ்.எஸ்.டி.யிலும் அவ்வாறே. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அறையின் காப்புச் சுவர் சிறிது தேய்கிறது. ஆகவே எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே அறைத் தொகுதியில் மீண்டும் மீண்டும் எழுதாமல், எல்லாத் தொகுதிகளுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு நிரை பிரித்துக் கொடுக்கும் கங்காணியைப் போன்றது அச்சில்லு. எந்தச் செய்தி எந்த அறையில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையும் அதனிடம் உண்டு. கெட்டுப்போன தொகுதிகளுக்கு மாற்றாக உபரித் தொகுதிகளும் வைத்திருக்கும். ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்க: பால்மரத்தில் வெட்டிய பட்டை மறுபடி வளரும், எஸ்.எஸ்.டி.யில் தேய்ந்த சுவர் மறுபடி வளராது.

அறைகள் கெட்டாலும், அட்டவணை குழம்பினாலும், கட்டுப்பாட்டுச் சில்லு திகைத்து நின்றாலும், கணினி கேட்ட செய்திக்கு விடை வராது. விடை வராமல் காத்திருக்கும் கணினியே உறைந்த திரையாக நமக்குத் தோன்றுகிறது. காத்திருப்பு எல்லை மீறும்போது நீலத் திரை வருகிறது.

ஆராய்ந்த முறை

முதற்படி: நகல். நோயாளியைச் சோதிக்கும் முன் வீட்டிலுள்ள உடைமைகளைப் பத்திரப்படுத்துவது போல, எஞ்சிய கோப்புகளை வேறொரு புறச் சேமிப்பகத்தில் நகல் எடுத்தோம். கெட்டுக்கொண்டிருக்கும் எஸ்.எஸ்.டி. எந்த நேரமும் முற்றாக நின்றுவிடலாம். வட்டுத் திருத்தும் கட்டளைகளும் மறுபதிப்பும் அதற்கு மேலும் சுமையாகும். ஆதலால் முதலில் நகல், பிறகே சோதனை. இம்முறை மாறியதாலேயே நம் படங்கள் அழிந்தன.

இரண்டாம் படி: குறிப்பேடு. ஆறு பள்ளி நாள்கள் கணினியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். எந்த நேரத்தில் நின்றது, யார் பயன்படுத்தினார், என்ன வேலை நடந்தது, மின்னூட்டி இணைக்கப்பட்டிருந்ததா, கணினி சூடாக இருந்ததா என்று எழுதச் செய்தோம். ஆறு நாள்களில் ஒன்பது முறை நின்றது. நான்கு முறை மாணவர்களிடம். மூன்று முறை ஆசிரியர்களிடம். இரண்டு முறை யாரும் தொடாமல் மேசைமீது இருந்தபோது. நாம் பழித்த சிறுவன் அந்த ஆறு நாள்களில் ஒரு முறையும் அதைத் தொடவில்லை. குறிப்பேட்டைப் பார்த்த அன்றே நம் தீர்ப்பு தவறு என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் படி: கணினியின் நாட்குறிப்பு. தோட்டத்துக் கிராணி பதிவேடு எழுதுவது போல, விண்டோஸும் நடந்தவற்றை எழுதி வைக்கிறது. ஈவன்ட் வியூவர் என்னும் பகுதியில், சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் அதைக் காணலாம். உறைந்த நேரங்களுக்குச் சற்று முன்னர் 129, 153 என்னும் எண்கள் மீண்டும் மீண்டும் இருந்தன. 129 என்றால், விடை வராததால் சேமிப்பகத்துக்குச் செல்லும் வழியை மீட்டமைக்க நேர்ந்தது என்று பொருள். 153 என்றால், ஒரு கோரிக்கையை மறுபடி அனுப்ப நேர்ந்தது என்று பொருள். சில இடங்களில் 7 என்ற எண்ணும் இருந்தது. அது கெட்ட தொகுதியைக் குறிப்பது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நீலத் திரை வந்த நேரங்கள் பலவற்றில் காரணத்தைக் கூறும் பதிவே இல்லை. முதலில் இது நம்மைக் குழப்பியது. பிறகு விளங்கிற்று: அந்தப் பதிவையும் அதே எஸ்.எஸ்.டி.யில்தானே எழுத வேண்டும்? எழுதும் ஏடே காணாமற்போனால் கிராணி எங்கே எழுதுவார்? ஆகவே, பதிவு இல்லாமையும் ஒரு தடயமாகலாம்.

நான்காம் படி: மற்றவற்றை விலக்குதல். இதே அறிகுறிகள் தற்காலிக நினைவகமாகிய ராம் பழுதானாலும் தோன்றும். ஆகவே இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓட்டினோம். பிழை ஏதும் இல்லை. பின்னர், பென்டிரைவில் பதித்த லினக்ஸைக் கொண்டு, உள்ளிருக்கும் எஸ்.எஸ்.டி.யைப் பயன்படுத்தாமலே கணினியை மூன்று நாள்கள் இயக்கினோம். ஒரு முறையும் நிற்கவில்லை. திரை, விசைப்பலகை, ராம், மின்கலம் ஆகிய யாவும் அதே கணினியினுடையவை. விலகி நின்றது எஸ்.எஸ்.டி.யும் அதிலுள்ள விண்டோஸும் மட்டுமே. விண்டோஸை முன்பே புதிதாகப் பதித்தும் பயனில்லை என்று கண்டோம். எனவே ஐயம் எஸ்.எஸ்.டி.யின் மீது நிலைபெற்றது.

ஐந்தாம் படி: உடல்நிலை அறிக்கை. எஸ்.எஸ்.டி. தன் உடல்நிலையைத் தானே கணக்கிட்டு வைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் அதைக் காட்டும். வெப்பநிலை 48 பாகை, அது அளவானதே. ஆயுளில் 23 விழுக்காடே செலவாகியிருந்தது. மேலே 'நலம்' என்றே எழுதியிருந்தது. ஆயினும் சேமிப்பகப் பிழைகள் என்ற வரியில் 14 என்ற எண் இருந்தது. ஒரு வாரம் சென்று பார்த்தபோது அது 52 ஆகியிருந்தது. ஒரு நாளின் எண்ணைவிட எண்ணின் வளர்ச்சியே முக்கியம் என்பதை இங்கு உணர்ந்தோம். நூறு பாகைக் காய்ச்சலைவிட, நாள்தோறும் ஏறும் காய்ச்சலே மருத்துவரைக் கவலைகொள்ளச் செய்யும் அன்றோ?

ஆறாம் படி: செலவில்லாத மருந்துகள். புதியது வாங்கும் முன் இரண்டு செயல்களைச் செய்தோம். முதலாவது, கணினியை அணைத்து, மின்னூட்டியை நீக்கி, உள்ளே மின்கல இணைப்பையும் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி.யை எடுத்து மறுபடி சரியாகப் பொருத்தித் திருகாணியை இறுக்கினோம். தளர்ந்த இணைப்பாலும் இந்நோய் வருவதுண்டு. இரண்டாவது, தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய நிலைபொருளைப் பதித்தோம். நிலைபொருள் என்பது கட்டுப்பாட்டுச் சில்லுக்கு வழிகாட்டும் உள் மென்பொருளாகும்.

நிலைபொருளால் மட்டும் நோய் தீருமா என்று ஐயுறுவோர்க்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். அந்நாளில் மைக்ரான் நிறுவனத்தின் விற்பனைப் பெயராக விளங்கிய குரூஷியல், எம்4 என்னும் எஸ்.எஸ்.டி.யை விற்றது. அது மொத்தம் 5,184 மணி நேரம் இயங்கிய பின் விடையளிக்காமல் நின்றது. மறுபடி இயக்கினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும், மீண்டும் நிற்கும். நேரத்தை எண்ணும் கணக்கில் இருந்த பிழையே காரணம். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான 0309 என்னும் நிலைபொருள் அதைத் தீர்த்தது. அறைகள் கெடவில்லை, கணக்குத்தான் கெட்டிருந்தது.

2019ஆம் ஆண்டு நவம்பரில் ஹியூலட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் நிறுவனம் இதனினும் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. அது விற்ற எஸ்.எஸ்.டி. வகைகள் சில, புதிய நிலைபொருளைப் பதியாவிட்டால், 32,768 மணி நேரத்தில் முற்றாகச் செயலிழக்கும். உள்ளிருக்கும் செய்திகளையும் மீட்க இயலாது என்பதே அது. பதினைந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 32,768 வரும். கணக்குப் பாடம் எதற்கு என்று வினவும் மாணவர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

நம் கணினிக்கோ இவ்விரு மருந்தும் பலிக்கவில்லை. மறுநாளே நின்றது, பிழை எண்ணும் ஏறியது. ஆகவே அறைகளே கெட்டுவருகின்றன என்று முடிவு செய்தோம்.

ஏழாம் படி: மாற்றுதல். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இசைவோடு புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே. விண்டோஸைப் பதித்து, நகலிலிருந்து கோப்புகளை ஏற்றினோம். அதன் பின்னர் ஓராண்டுக் காலமாகக் கணினி ஒரு முறையேனும் அவ்வாறு நிற்கவில்லை.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது பாதுகாப்பில் இருப்பதாகாது.

2. சேமிப்பகத்தை முழுவதும் நிரப்பாதீர்கள். பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வெறுமையாக இருக்கட்டும். கட்டுப்பாட்டுச் சில்லு வேலையைப் பகிர்ந்து கொடுக்க இடம் வேண்டும்.

3. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள், முறைப்படி அணையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அட்டவணை குழம்பக்கூடும்.

4. நம் பேரா மாநிலத்தில் மாலை வேளைகளில் இடிமழை மிகுதி. இடி முழங்கும்போது மின்னூட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

5. தலையணை மீதும் மெத்தை மீதும் மடிக்கணினியை வைக்காதீர்கள். காற்று வழி அடைபட்டால் சூடு ஏறும்.

6. வன்தட்டுக் காலத்தில் செய்த சீரமைப்பு வேலை, அதாவது டிஃபிராக், எஸ்.எஸ்.டி.க்கு வேண்டுவதில்லை. வீணான எழுத்தால் தேய்வே மிகும்.

7. எஸ்.எஸ்.டி.யில் படங்களை இட்டு, மின்சாரம் காட்டாமல் வெப்பமான அலமாரியில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். அடைத்த மின்னணுக்கள் மெல்ல மெல்லக் கசியும்.

8. மாணவர்கள் கணினியைத் தாமே திறக்கலாகாது. அறிந்த பெரியவர் துணையோடு, மின்கல இணைப்பை நீக்கிய பின்பே திறக்க வேண்டும்.

நாம் கற்ற பாடம்

திங்கட்கிழமைச் சபைகூடலில், எல்லா மாணவர்களின் முன்னிலையில், அச்சிறுவனை அருகில் அழைத்தோம். "கணினி கெட்டதற்கு நீ காரணமல்லன். ஆராயாமல் உன்னைக் கடிந்தது எம் தவறு. வருந்துகின்றோம்" என்று கூறினோம். அவன் தலை குனிந்து, "பரவாயில்லை ஐயா" என்றான். அன்று ஓய்வு நேரத்திலேயே வள மையத்துக்கு வந்து, விட்ட கதையை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினான்.

தலைமையாசிரியர் மாணவனிடம் வருத்தம் தெரிவிக்கலாமா என்று சிலர் வினவினர். பொய்ப் பழியைச் சுமந்த பிள்ளையின் மனமும் ஒரு நினைவுக் கிடங்குதான். அதில் பதிந்த சொல் எளிதில் அழிவதில்லை. அழிந்த விளையாட்டு விழாப் படங்களைப் பெற்றோர் சிலரிடமிருந்து ஓரளவு திரட்டிவிட்டோம், எஸ்.எஸ்.டி.யையும் மாற்றிவிட்டோம். அப்பிள்ளை வள மையத்துக்கு வராமலே போயிருந்தால் அவ்விழப்பை எதைக் கொண்டு ஈடு செய்திருப்போம்?

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் மடிக்கணினி நின்றுபோனால் பிள்ளையை அடிக்கக் கை ஓங்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நின்ற நேரத்தைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். மரத்தைப் பார்த்த பின் வெட்டுபவரைப் பற்றிப் பேசுவோம்.

பயிற்சி வினாக்கள்

1. 5,184 மணி நேரம் எத்தனை நாள்கள்?
2. 32,768 மணி நேரத்தை ஆண்டு, நாள், மணியாக மாற்றுக. (ஓர் ஆண்டுக்கு 365 நாள்கள் எனக் கொள்க.)
3. பால்மரத்துக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
4. சோதனைக்கு முன் நகல் எடுக்க வேண்டியதன் காரணம் யாது?
5. நீலத் திரை வந்தும் பதிவு இல்லாமற்போனது ஏன்?

விடைகள்: 1) 216 நாள்கள். 2) 3 ஆண்டு, 270 நாள், 8 மணி. ஏனைய வினாக்களுக்கு விடைகளைக் கட்டுரையிலேயே கண்டறிக.

வளர்க அறிவு! வாழ்க நம் பள்ளி!